பேரன் தீவுக்கு முப்பத்தேழு பேர்

ஆமாம் அம்மா, மைக்கில் பேசியது நான்தான்.

குரல் வேறு மாதிரி இருந்தது என்கிறீர்களா? இருக்கும். எனக்கே யாரோ பேசுவது போலத்தான் கேட்டது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், குருவம்மாளுக்கு வாய் உண்டா என்று. யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

உட்காருங்கள். தீவு இனித் தெரியாது. போர்ட் பிளேர் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். நீங்கள் பின்பக்கம் நின்றதாகச் சொன்னீர்கள். அங்கே இன்ஜின் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும். பாதி கேட்டவர்கள்தான் ஊருக்குப் போய் முழுசாகச் சொல்வார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கீழ்த்தளத்தில் மஞ்சள் சேலையில் ஒரு கூட்டம் இருக்கிறதே, பார்த்தீர்களா? முப்பத்தேழு பேர். எல்லோரும் எங்கள் தெரு. வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக் குழு. நானும் அந்தக் குழுதான், குழு ஆரம்பித்த நாளிலிருந்து. ஆனால் நான் மேல்தளம், நீலச் சேலை. தனியாகவா வந்தீர்கள் என்று டிக்கெட் பார்க்கிறவர் கூடக் கேட்டார். தனியாக இல்லை, ஒரு தெருவோடு வந்திருக்கிறேன், நடுவில் ஒரு படிக்கட்டு இருக்கிறது, அவ்வளவுதான் என்றேன்.

கார்த்திகை மாதம் ஆரம்பித்த பேச்சு இது. கப்பல் ஏறுகிற ஜெட்டிக்குப் போகிற வழியில் ஒரு டிராவல்ஸ் கடை. பெயர் வேண்டாம். அதன் வாசலில் புதிதாக ஒரு போர்டு வைத்தார்கள். மேலே இங்கிலீஷ், நடுவில் இந்தி, கீழே தமிழ். 'பேரன் தீவு எரிமலை. ஒரு நாள் கடல் பயணம்.' நானும்தான் படித்தேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் என்றாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இல்லை நான். பே, இரட்டைக் கொம்பு போட்டு, ர, ன். பேரன். சந்தேகமே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது செயலாளர் சௌந்தரவல்லிதான் எடுத்தாள் பேச்சை. "இந்த வருஷம் பாராடாங் வேண்டாம். பேரன் தீவுக்குப் போவோம்" என்றாள்.

"அது எதுக்குக்கா? எரிமலைதான் பாராடாங்குலேயே பார்த்துட்டோமே" என்றாள் ஒருத்தி.

"அது சேறு கொப்பளிக்கிறது. நம்ம வீட்டுச் சாக்கடையும்தான் கொப்பளிக்குது. இது நெருப்பு. கடல் நடுவுல."

"பேரன்னு ஏன் பேரு வச்சான்?"

இங்கேதான் தில்லைக்கனி வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரியாத கதை கிடையாது. தெரியாவிட்டால் அடுப்பில் பால் பொங்குவதற்குள் தெரிந்துகொள்வாள். "பேரு சும்மா வருமா? ஒரு ராஜாவுக்குப் பேரன் இல்லாம வம்சம் நின்னு போச்சு. கடல் நடுவுல உக்காந்து யாகம் பண்ணினான். அந்த யாக குண்டம்தான் இன்னும் புகையுது."

அடுத்த வெள்ளிக்கிழமை ராஜா ரிஷியாகிவிட்டார். அதற்கடுத்த வெள்ளி, டிக்லிபூரில் ஒருத்தி மீன்பிடிப் போட்டில் போகும்போது அந்தப் புகையைப் பார்த்ததாகவும் அவள் மருமகளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததாகவும் சேர்ந்துகொண்டது. "அந்த டிக்லிபூர்க்காரி யாரு?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். "உங்களுக்கு எதுக்கு ஆயம்மா அதெல்லாம்?" என்றாள் தில்லைக்கனி.

என்னை எல்லோரும் ஆயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கன்வாடியில் முப்பத்தொரு வருஷம் ஹெல்பர் வேலை பார்த்தேன். காலையில் வந்த தலை எத்தனை, சோற்றுத் தட்டு எத்தனை, சாயங்காலம் வீட்டுக்குப் போன தலை எத்தனை. ஒன்று குறைந்தால் எனக்கு மூச்சு நின்றுவிடும். இங்கே கீழே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். எனக்குப் பிள்ளை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் கேட்கிறவர்களுக்குச் சங்கடம்.

என் வீட்டுக்காரர் ஆறுமுகக்கனி சரக்குக் கப்பலில் இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிற வேலை பார்த்தார். இந்தத் தீவை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறார். நெருப்புத் தீவு என்றுதான் சொல்வார். பேரன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. போர்டைப் பார்த்த அன்று யோசித்தேன். என் மனசு நோகும் என்றுதான் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். செத்து எட்டு வருஷம் கழித்து அவர் மேல் புதிதாக ஒரு பிரியம் வந்தது. அது வேறு வீணாகப் போயிற்று, பின்னால் சொல்கிறேன்.

வல்லிக்கு அந்தத் தீவு ஏன் வேண்டும் என்று தெருவுக்கே தெரியும். அவள் மகனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். மருமகள் அபிநயா. தூத்துக்குடிப் பெண், பி.காம். படித்தவள், குரல் எழும்பிப் பேசமாட்டாள். டாக்டர், ஜோசியர், அரசமரம் எல்லாம் ஆகிவிட்டது. "இதுக்கும் ஒண்ணும் நடக்கலேன்னா தூத்துக்குடிக்கு அனுப்பிட வேண்டியதுதான்" என்று வல்லி குழாயடியில் சொன்னதை நானே கேட்டேன். விளையாட்டுக்குச் சொன்னதாகச் சொன்னாள். அபிநயா குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஏற்பாடு எல்லாம் யார் செய்தது என்கிறீர்கள்? நான்தான். பெயர் எழுதியது வல்லி, ஏற்பாடு நான். தீவில் இறங்க விடமாட்டார்கள், போட் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிவிடும் என்று விசாரித்து வந்து சொன்னதும் நான். "இறங்காம தொட்டில் எங்க கட்டுறது?" என்று ஒரே கூச்சல். ஆளுக்கொரு மரத்தொட்டில், உள்ளங்கை அளவு, வாங்கி வைத்திருந்தார்கள். "போட்டுக் கம்பியில கட்டுவோம், தீவைப் பார்த்த மாதிரி" என்று வல்லி தீர்ப்புச் சொன்னாள். புளியோதரை கெடாது, தயிர்சாதம் இந்த வெயிலில் புளித்துவிடும் என்றேன். வாந்திக்கு எலுமிச்சம்பழம், ஆளுக்கு ரெண்டு. பை, ஆளுக்கு மூன்று. இஞ்சிமரப்பா நானே கிளறினேன். கை காய்த்துவிட்டது, பாருங்கள்.

தை மாதம் சேலை வந்தது. எல்லோருக்கும் ஒரே மஞ்சள். வல்லி வீட்டு மாடியில் வைத்துக் கொடுத்தார்கள். சேலைக் கட்டைப் பார்த்ததும் எண்ணிவிட்டேன். பழக்கம். முப்பத்தேழு.

"வல்லி, ஒண்ணு குறையுது. நாம முப்பத்தெட்டுப் பேரு" என்றேன்.

தில்லைக்கனி சேலையின் முந்தானையைப் பிரித்துப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டாள்.

"குறையலை ஆயம்மா" என்றாள் வல்லி.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. மறுபடி எண்ணினேன். சத்தமாக. எண்ணி முடித்து, "பார், முப்பத்தேழுதான்" என்றேன்.

"ஒத்தைப்படையா இருக்கணும்னு ஜோசியர் சொல்லிட்டாரு. அதான்."

"அப்ப முப்பத்தொன்பதா ஆக்கிக்கலாமே. எதிர்வீட்டுப் பொண்ணு வரேங்குது."

"ஆயம்மா, நீங்க தப்பா நினைக்கக் கூடாது. பிள்ளை வரம் கேட்டுப் போற இடம். ராசின்னு ஒண்ணு இருக்குல்ல? அபிநயா கண்ணு முன்னால நீங்க நின்னா... நாலு வருஷமா அது படற பாடு உங்களுக்குத் தெரியாததா? உங்களுக்கும் கடல் ஒத்துக்காது, வயசாச்சு. பிரசாதம் கொண்டாந்து தரேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். வளைகாப்புக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள், அடுப்படி வேலைக்குக் கூப்பிடுவார்கள். எனக்கு அது பழகிவிட்டது. எனக்குப் பிடிக்காதது கணக்குத் தப்பாகப் போடுவது. ஒற்றைப்படைதான் வேண்டும் என்றால் ஒன்றைக் கூட்டலாம், ஒன்றைக் கழிக்கலாம். ரெண்டு வழி இருக்கும்போது கழிக்கிறதை மட்டும் எடுத்தால் அது கணக்கா? இதைத்தான் அன்றைக்குச் சொல்ல நினைத்தேன். எலுமிச்சம்பழம், பை எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன். இஞ்சிமரப்பாவை மட்டும் கொடுக்கவில்லை. அதில் என் கைப்பாடு இருக்கிறது. இந்தாருங்கள், ஒன்று வாயில் போட்டுக்கொள்ளுங்கள். முகம் வெளுத்திருக்கிறது உங்களுக்கு.

மறுநாள் டிராவல்ஸ் கடைக்குப் போனேன். என் சொந்தக் காசு, என் டிக்கெட். கவுண்டரில் ஒரு ராஞ்சிப் பெண். இந்தியில்தான் பேச வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் இந்தி எனக்குத் தண்ணீர் மாதிரி. "பேரன் தீவுக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்டேன். பேரனுக்கு அவர்கள் சொல்கிற 'போத்தா' என்ற சொல்லைப் போட்டுக் கேட்டேன்.

"அப்படி ஒரு தீவு இல்லையே அம்மா" என்றாள் அவள்.

"வாசலில் போர்டு வைத்திருக்கிறீர்களே?"

எழுந்து வந்து பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டி அர்த்தம் சொன்னேன். சிரித்தாள். "அது பேரன் இல்லை, இங்கிலீஷ் பேரு. பேரென். இந்தியில் 'பஞ்சர்' என்போமே, அது."

எனக்கு சைக்கிள் டயர்தான் ஞாபகம் வந்தது. தீவு எப்படி அம்மா பஞ்சராகும்? முழித்தேன். அவள் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். ஒன்றும் விளையாத நிலம். விதை போட்டால் முளைக்காது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பொம்பளைக்கும் சொல்வாங்களே, 'பாஞ்ச்' என்று, இங்கிலீஷில் அதுக்கும் இதே சொல்தான்" என்றாள்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். அங்கன்வாடிக்குப் பிள்ளையை விட வருகிறவர்கள் என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். மெதுவாகத்தான் சொல்வார்கள். நல்லவர்கள்.

மலடித் தீவு!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள். முப்பத்தேழு பேர் மஞ்சள் சேலை கட்டி, தொட்டில் வாங்கி, என்னை ராசியில்லை என்று கழித்துவிட்டு, யாரைக் கும்பிடப் போகிறார்கள், பாருங்கள்! வீட்டுக்காரர் மேல் வந்த பிரியமும் அங்கேயே கரைந்தது. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அவ்வளவுதான்.

"அங்கே ஒன்றுமே கிடையாதா?" என்று கேட்டேன்.

"யார் சொன்னது? ஒரு பக்கம் மரம் இருக்கிறது. ஆடு இருக்கிறது. எந்தக் காலத்திலோ கப்பல்காரர்கள் விட்டுப்போன ஆடுகளாம், குட்டி போட்டு, குட்டி போட்டு நிறைந்து கிடக்கின்றன" என்றாள். அதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். தப்பாக மனசில் வாங்கிக்கொள்ளக் கூடாது இல்லையா? பிறகு, "விளக்கம் சொல்கிற கைடு எங்கே நிற்பார்? அவர் பக்கத்து இருக்கை கொடு" என்றேன். அங்கே காற்று நன்றாக வரும் என்றுதான் கேட்டேன்.

ஏன் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை என்கிறீர்களா? யார் கேட்டார்கள்? என்னிடம்தான் யாரும் எதையும் கேட்பதில்லையே. சொன்னால் பயணம் நின்றுபோகும். பிறகு நான் எப்படிப் பார்ப்பது? சமைக்கும்போது சும்மா சொல்லிப் பார்த்துக்கொள்வேன். "இது மலடித் தீவு." அடுப்புக்கு எதிரே நின்று சொல்வேன். முதலில் குரல் கம்மியது. மாசி பிறந்தபோது கம்மவில்லை.

இன்றைக்கு விடியலில் ஜெட்டியில் என்னைப் பார்த்ததும் வல்லிக்கு முகம் போய்விட்டது.

"ஆயம்மா, நீங்க எங்க?"

"தீவு பார்க்க."

"வேண்டாம்னு சொன்னோமே!"

"இது உங்க வீட்டுக்காரர் போட்டா வல்லி?"

"வயசான காலத்துல இவ்வளவு வீம்பு ஆகாது."

"வயசு குறைஞ்ச காலத்துல காட்டாம விட்டதைத்தான் இப்ப காட்டுறேன்."

நானா அப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம். அபிநயா மாமியாருக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேலே ஏறி என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

தீவை நீங்களும் பார்த்தீர்கள், நான் சொல்ல ஒன்றுமில்லை. கறுப்பு. உச்சியில் புகை. அந்தக் கறுப்பைப் பார்த்ததும் எனக்கு ஏதோ சொந்தக்காரர் வீட்டு வாசலுக்கு வந்த மாதிரி இருந்தது. கீழே குலவை போட்டார்கள். கம்பியில் தொட்டில் கட்டினார்கள். கைடு, அந்த பிஸ்வாஸ் பையன், இந்தியில் சொன்னான், இங்கிலீஷில் சொன்னான். பிறகு கீழே எட்டிப் பார்த்து, "தமிழ்க்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், யாராவது தமிழில் சொல்ல முடியுமா?" என்று கேட்டான்.

என் கை தானாக எழுந்தது. தற்செயல்தான் அம்மா. நான் அங்கே உட்கார்ந்திருந்தேன், அவன் கேட்டான்.

அவன் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். "இது இந்தியாவிலேயே உயிரோடு இருக்கிற ஒரே எரிமலை." சொன்னேன். "இறங்க அனுமதி இல்லை." சொன்னேன். பிறகு பெயரைச் சொன்னான். நான் நினைத்திருந்தால் பேரன் தீவு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். முப்பத்தேழு பேரும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். ஆனால் என்னை நம்பி ஒருவன் ஒரு சொல்லைக் கொடுக்கிறான். நான் வேறு சொல்லைக் கொடுத்தால் அது திருட்டு.

"இது பேரன் தீவு இல்லை. மலடித் தீவு. ஒண்ணும் விளையாதுன்னு வெள்ளைக்காரன் வச்ச பேரு. அவன் தூரத்துல நின்னு பார்த்துட்டு வச்சிருக்கான். உள்ளே நெருப்பு இருக்கு. மரம் இருக்கு. ஆடுங்க குட்டி போட்டுப் பெருகியிருக்கு. பேரு வச்சவன் செத்துப் போனான். இது இன்னும் புகைஞ்சுக்கிட்டு இருக்கு."

கடைசி ரெண்டு வரி கைடு சொல்லவில்லை. அது நான் சேர்த்தது. பிறகு, "சொன்னது குருவம்மாள். நானும் மலடிதான். நல்லா இருக்கேன்" என்றும் சொன்னேன். அதுவும் அவன் சொல்லவில்லை.

குலவை நின்றது. அப்புறம் வல்லி ஏறி வந்தாள், மூச்சு வாங்க.

"எத்தனை நாளா இந்த விஷத்தை வச்சிருந்தீங்க?"

"போர்டு எழுதினவனைப் போய்க் கேளு."

"நாங்க பேரனைத் தேடி வந்தோம். நடுக்கடல்ல நிறுத்தி வச்சு இப்படிச் சொல்லலாமா?"

"சுடுதுல்ல? எனக்கு உன் வீட்டு மாடியில சுட்டுச்சு."

அவள் அழுதாள். பெரிய மனுஷி, அவ்வளவு பேர் முன்னால் அழுதாள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. படியிறங்கப் போனவள் திரும்பி நின்று ஒன்று சொன்னாள்: "எனக்குன்னு நினைச்சுச் சொன்னீங்க. விழுந்தது யாரு தலையிலன்னு பார்த்தீங்களா?"

அதுதான் அம்மா, அப்போதிலிருந்து என்னை விடவில்லை. அபிநயா. இத்தனை மாதமாக எல்லாவற்றையும் எண்ணினேன், அந்தப் பிள்ளையை எண்ணவில்லை. என் பெயரைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். கீழே எல்லோரும் அவளைத்தானே திரும்பிப் பார்த்திருப்பார்கள்? நாளைக்கு அவளைத் தூத்துக்குடிக்கு அனுப்பினால், ஆயம்மா மைக்கில் சொன்னாள் என்றுதானே காரணம் சொல்வார்கள்? இறங்கிப் போய்ப் பார்க்கலாம் என்று ரெண்டு தடவை எழுந்தேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். அது மட்டும் நடக்காது. பொய்யையா சொன்னேன்?

யார் அது, படியில்?

அவள்தான். அபிநயா. கண் சிவந்திருக்கிறது. இங்கேதான் வருகிறாள்.

வா தாயி. இவர்கள் மதுரைப் பக்கம், பயணம் வந்தவர்கள். நான் சொன்னது உன்னை இல்லை. கேள், நான் சொன்னது... என்ன? என்ன சொன்னாய்?

கேட்டீர்களா அம்மா? இவளுக்கு முதல் நாளே தெரியுமாம். போர்டில் இங்கிலீஷில் படித்தாளாம். பள்ளிக்கூடத்திலேயே படித்த சொல்லாம். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாளாம்.

பிறகு ஏன் சொல்லவில்லை தாயி?

சொன்னால் மருமகளுக்குத் திமிர் என்பார்களாம். யாராவது சொல்வார்களா, யாராவது சொல்வார்களா என்று நாலு மாதமாகக் காத்திருந்தாளாம். மைக்கில் கேட்டதும் சிரித்துவிட்டாளாம். அதற்குத்தான் கீழே திட்டு விழுந்ததாம், மலடி என்றதற்கு இல்லை, சிரித்ததற்கு. கண் அதனால்தான் சிவந்திருக்கிறதாம். சிரித்தா, அழுதா என்று இவளுக்கே தெரியவில்லை.

தொட்டிலை எங்கே கட்டினாய்? கட்டவில்லையா? மடியில்தான் இருக்கிறதா? இருக்கட்டும். அது மரம், அது என்ன செய்தது.

அது வல்லியின் குரல். கூப்பிடுகிறாள். உன்னைத்தான். போகிறாயா?

போகவில்லையா?

சரி, உட்கார். நான் எழுந்து, அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிடட்டுமா? எனக்கு இன்றைக்குப் பழகிவிட்டது. வேண்டாமா? நீயே சொல்கிறாயா?

சொல். உட்கார்ந்துகொண்டே சொல்லாதே, கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நில். கீழ்த்தளம் வரை கேட்க வேண்டும்.